தோசைக்கல்லில் யாகிசோபா

ஜூலை 3, வியாழன்

ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். காலைப் பிரேயரில் மகள் கெசியா மயங்கி விழுந்துவிட்டாளாம். ஐ.டி.ஐ.யில் லேத் மெஷின்கள் ஓடிய சத்தத்தில் முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் பையன்களிடம் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிரீஸ் அப்பிய கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பி.டி. டீச்சர், "வீட்டுல ஒழுங்கா சாப்பிடுதாளா சார்?" என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். பிளஸ் ஒன் படிக்கிற பெண், சாப்பிடாமலா இருப்பாள்? ஆனால் வீடு வருகிற வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். என் கண்முன்னால் அவள் ஒரு முழு இட்லி தின்றது எப்போது என்று ஞாபகம் வரவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இருக்கிறாளா இல்லையா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மனைவி பியூலா வீடியோவில் வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளெல்லாம் நோயாளிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளிடம் இதையும் சொல்ல வேண்டாம் என்று பட்டது. "பிள்ள நல்லாருக்கா. வெயிலுதான் கொளுத்துது" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததும், தூங்குகிறவளின் கையைத் தொட்டுப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஜூலை மாதம் யாருக்காவது கை இப்படிச் சில்லிட்டிருக்குமா?

ஜூலை 5, சனி

டாக்டர் சண்முகவடிவு அவளிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது வயித்துக் கோளாறு இல்ல சார். சாப்பாட்டப் பாத்தாலே பயப்படுத நோய். பிள்ளைக்கு நாடித்துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு. இன்னும் இறங்கினா இதயம் தாங்காது. வாரா வாரம் சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. மனநல கவுன்சிலரையும் பாக்கணும். இறங்குச்சுன்னா அட்மிட்தான்."

முப்பது வருஷமாகப் பையன்களுக்கு ஃபிட்டர் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். மெஷின் நின்றுபோனால் கழற்றிப் பார்த்து எங்கே பழுது என்று சொல்லிவிடுவேன். எதிரே இருந்த நாற்காலியில் என் மகள் துப்பட்டாவை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "அவ உடம்பப் பத்தி யாராவது ஏதாவது சொன்னீங்களா? கேலி, கிண்டல்?"

இல்லை என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மே மாத அசனத்துக்குப் பிறகு அப்படித்தான். அசனத்தன்று சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சாப்பிடும். நான் வருஷா வருஷம் சோற்று வாளி தூக்குகிறவன். இந்தத் தடவை கெசியாவும் அவள் சிநேகிதிகளும் உட்கார்ந்திருந்த வரிசை எனக்கு. நல்ல சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. ஆனால் சாயங்காலம் வரைக்கும் போனில் சாப்பாட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். ஒரு ஜப்பான்காரர் பெரிய இரும்புத் தட்டில் முட்டைக்கோசையும் நூடுல்ஸையும் இரண்டு கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்கிறார். புகை எழும்புகிறது. கறுப்பாக எதையோ ஊற்றுகிறார், சுர்ரென்கிறது. எனக்கே எச்சில் ஊறியது. பசியில்லாதவள் இதை ஏன் இப்படிப் பார்க்க வேண்டும்? எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"இதுக்கு என்ன பேரும்மா?"

"யாகிசோபா. ஜப்பான்ல ஸ்கூல் விழாவுல பிள்ளைகளே கடை போட்டுச் செய்வாங்க."

"நான் செஞ்சு தந்தா சாப்பிடுவியா?"

வீடியோவை நிறுத்தினாள். "நான் பக்கத்துல நிப்பேன். எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் போடணும். சரின்னா பாப்போம்."

பாப்போம் என்றாளே, போதும். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 7, திங்கள்

லீவு போட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முட்டை நூடுல்ஸ் கிடைத்தது. சோயா சாஸ், தக்காளி சாஸ் கிடைத்தன. வீடியோவில் கறுப்பாக ஊற்றுகிற வொர்செஸ்டர் சாஸ் என்ற பெயரைச் சொல்வதற்குள் கடைக்காரப் பெண்ணுக்கும் எனக்கும் வாய் சுளுக்கிக்கொண்டது. அடியில் தூசியோடு ஒரு பாட்டில் இருந்தது. மேலே தூவுகிற பச்சைக் கடல்பாசிப் பொடி திருநெல்வேலிச் சீமையிலேயே இல்லை. முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்திருக்கிறேன், ஜப்பான்காரர் மன்னிக்கட்டும். கூடவே வைக்கிற சிவப்பு இஞ்சி ஊறுகாய்க்கு, இஞ்சியைச் சீவி பீட்ரூட்டோடு வினிகரில் போட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தோல்வி. நூடுல்ஸைக் குழைய வேகவைத்துவிட்டேன். வாணலியில் கோசு தண்ணீர் விட்டு, எல்லாம் சேர்ந்து களியாகிவிட்டது. கெசியா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிடவில்லை. ஆனால், "அவங்க வாணலில செய்யலப்பா. தட்டையா இருக்கும்" என்றாள்.

தட்டையாக, கனமாக, இரும்பில் நம் வீட்டில் என்ன இருக்கிறது? தோசைக்கல். முட்டாள் நான்.

பியூலாவிடம் இன்றைக்கும் "நல்லா சாப்பிடுதா" என்றேன்.

ஜூலை 9, புதன்

நூடுல்ஸை அரை வேக்காட்டில் வடித்து, இட்லிச் சட்டியில் துணி போட்டு ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்தேன். இழை இழையாக வந்தது. தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய், நூடுல்ஸைப் பரப்பி அப்படியே விட்டுவிட்டேன். கிளறக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். அடியில் பொன்னிறமாகப் புள்ளி விழுந்த பிறகு ஓரமாகத் தள்ளி, கோழித்துண்டு, கேரட், கோசு. கோசு நறுக்கென்று இருக்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்து, கடைசியாகச் சாஸ். வீடெல்லாம் புளிப்பும் இனிப்பும் கருகலுமாக ஒரு வாசனை.

எண்ணெய் ஸ்பூனை அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பூனில் ஒட்டியதை வழித்து ஊற்றக் கூடாதாம். சரி என்றேன்.

ஐந்து வாய். எண்ணினேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள், அது மறுபடி மேலே வருமா என்று என் உயிர் போய் வருகிறது. ஐந்து முறை வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 12, சனி

நாடித்துடிப்பு போன வாரம் போலவே. இறங்கவில்லை. யாகிசோபா கதையைக் கேட்டு டாக்டர் சிரித்தார். "நல்ல வேலை செய்யுதீங்க சார். ஆனா ஒண்ணு. அவளுக்குத் தெரியாம எதையும் சேக்காதீங்க. இப்ப அவ சாப்பாட்ட நம்பல, உங்களத்தான் நம்புதா. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"சே சே, நான் ஏன் மேடம்..." என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தவள் தலை துவட்டும்போது முதுகைப் பார்த்தேன். முதுகெலும்பு முண்டு முண்டாகத் தெரிந்தது. நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐந்து வாயும் ஏழு வாயும் எந்த மூலைக்குக் காணும்?

ஜூலை 14, திங்கள்

நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க வடித்ததும் கொஞ்சம் எண்ணெய் பிசிறி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட்டேன். ஒரு சிறு திருத்தம் செய்தேன். சாஸ் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

எட்டு வாய்.

ஜூலை 16, புதன்

பத்து வாய். "இன்னைக்கு நல்லா வந்திருக்குப்பா" என்றாள். நெய் பாட்டில் காலி, புதிது வாங்க வேண்டும். கையில் வாசனை போகப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். தகப்பன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்குத் திருடனைப் போல முழிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உள்ளே போகிறது அல்லவா? போகிறது. டாக்டர் படித்தவர், ஆனால் அந்த முதுகை நான்தானே தினமும் பார்க்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

காலையில் ஏழு மணிக்கு அவள் எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். நேற்று மீந்த யாகிசோபாவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்திருந்தேன். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள். தானாக. நான் சொல்லாமல். இரண்டு மாதத்தில் முதல் தடவை. டப்பாவைத் திறந்திருக்கிறாள். நூடுல்ஸின் மேல் வெள்ளை வெள்ளையாக நெய் உறைந்திருந்தது.

நான் போனபோது விரலால் ஒரு கட்டியைச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாப்பா?"

"திங்கக்கிழமையிலிருந்து."

"என் முன்னாடிதான போடணும்னு சொன்னேன்?"

"ஏம்மா, உன் உடம்புக்குத்தான்..."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவை மூடி, திரும்ப ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகவில்லை. நான் வைத்த தண்ணீர் டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். தண்ணீரை மோந்து பார்க்கிறாள். அதற்குள்ளும் நான் எதையாவது கலந்திருப்பேன் என்று நினைக்கிறாள்.

ஜூலை 19, சனி

டாக்டரிடம் போகக் கிளம்பும்போது வாசல்படியில் சரிந்துவிட்டாள். தூக்கினேன். பதினாறு வயதுப் பெண்ணை இத்தனை சுலபமாகத் தூக்க முடியக் கூடாது.

அட்மிட் செய்துவிட்டார்கள். நெஞ்சில் வயர்கள். பக்கத்துத் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

ஜூலை 20, ஞாயிறு

பியூலாவிடம் சொன்னேன்.

"நான் நர்ஸுங்க. பதினேழு நாளா எங்கிட்ட நல்லா சாப்பிடுதா, நல்லா சாப்பிடுதான்னு சொல்லியிருக்கீங்க. வேற யாராவது பிள்ளைன்னா மூஞ்சியப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க சொன்னத நம்பினேன் பாருங்க."

எமர்ஜென்சி லீவு கேட்டிருக்கிறாள். கிடைக்க இரண்டு வாரம் ஆகுமாம்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வராந்தாவில் பின்னாலேயே ஓடி, நெய் விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "மேடம், நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க, நான் இல்லன்னு சொல்லிட்டேன்" என்று அசனத்தில் நடந்ததையும் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதுகிறேன். கெசியாவின் இலை முன்னால் வாளியோடு நின்று, "இவளுக்குக் கரண்டி எந்த மூலைக்கு? அண்டாவ இழுத்துட்டு வாங்கப்பா!" என்றேன். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள், அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தையால மட்டும் இந்த நோய் வராது சார். ஆனா இத எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

ஜூலை 21, திங்கள்

சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "அசனத்துல அப்பா பேசினது தப்பும்மா. மன்னிச்சிரு" என்றேன். இதற்கே எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்தேன்.

"அது மட்டுமாப்பா?" என்றாள்.

குரல் ஏறாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். டெய்லர் கடையில், "துணி ரெண்டு மீட்டர் சேத்தே எடுங்க" என்றேனாம். ஸ்கூட்டரில் ஏறும்போதெல்லாம், "டயருக்குக் காத்து அடிக்கணும்" என்பேனாம். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் போட்டோ எடுக்கையில், "நீ ஓரமா நில்லு, மத்தவங்க தெரியட்டும்" என்றேனாம். ஏழாம் வகுப்பில் ஒன்று, எட்டில் இரண்டு. நான் எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ.யில் என் பேச்சுக்குப் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்த வீட்டில் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒருத்தி ஒன்று விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டு, அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

இன்றைக்கு என்னைக் கண்டுதான் எனக்குப் பயம்.

ஜூலை 24, வியாழன்

கஞ்சி. பாதி டம்ளர். நர்ஸ் என்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த பிறகு.

ஜூலை 31, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். எப்போது என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கவுன்சிலர் அம்மா என்னிடம் தனியாக, "குண்டுன்னும் சொல்லாதீங்க, ஒல்லின்னும் சொல்லாதீங்க. இப்ப அழகா இருக்கன்னுகூட வேண்டாம். உடம்புங்கற பேச்சே வீட்டுல வேண்டாம்" என்றார். அப்படியென்றால் நம் ஆட்கள் வீடுகளில் வேறு என்னதான் பேசுவது? வாசலில் கால் வைத்ததும் முதலில் கேட்பதே அதைத்தானே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவளாகவே கேட்டாள். "யாகிசோபா செய்வோமாப்பா?"

தாளில் எண்ணெய் இரண்டு ஸ்பூன் என்று போட்டிருந்தது. நெய்யும் ஒரு ஸ்பூன். எல்லாவற்றையும் மேடையில் வரிசையாக வைத்து, மூடிகளைத் திறந்து வைத்தேன். நூடுல்ஸை அவள் முன்னாலேயே வேகவைத்து வடித்தேன். ஸ்பூனில் நெய்யை எடுத்து, "கெசியா, இது நெய். ஒரு ஸ்பூன். இப்ப போடுதேன்" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள்.

"எனக்கும்தாம்மா."

ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பயம் வரும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நானே சொன்னதில்லை. "போடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். போட்டேன். சாப்பிட்டு முடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அழுதாள். நான் எதிரே உட்கார்ந்து என் தட்டை முடித்தேன். முருங்கைப் பொடி கசக்கிறது, இனிமேல் வேண்டாம் என்று தீர்மானம் ஆனது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பியூலாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விமானம். என்னிடம் இன்னும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து நாசரேத்திலிருந்து அக்கா வந்தாள். செல்லக்கனி அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். இன்றுவரை அவளை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கெசியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். கெசியா மூன்றாவது வாய் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாயெல்லாம் சிரிப்பாக, "ஏட்டி, இப்பதான் கன்னத்துல சதை போட்டு லெச்சணமா இருக்க! அன்னைக்கு எலும்பும் தோலுமால்லா கெடந்த!" என்றாள்.

பாசமாகத்தான் சொன்னாள். கெசியாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. முகம் வெளிறுவதைப் பார்த்தேன். ஒரு கையால் கன்னத்தைத் தடவி, அளந்து பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு மாதம் பாடுபட்டது மொத்தமும் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அக்கா" என்றேன். "அவ உடம்பப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசக் கூடாது."

"நான் என்னல தப்பாச் சொன்னேன்? நல்லாருக்கான்னுதான சொன்னேன்!"

"நல்லாருக்கான்னும் சொல்லக் கூடாது."

"என் தம்பி மகளச் சொல்ல எனக்கு உரிமை கிடையாதாக்கும்?"

"கிடையாதுக்கா. எனக்கும் கிடையாது. நான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதுலதான் அவளக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில போட்டேன். இனி பேசுதவங்க இங்க வர வேண்டாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "உன்ன இடுப்புல தூக்கி வளத்ததுக்கு நல்லாக் குடுத்தல" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வாங்கி வந்த பழம், தின்பண்டம் எதையும் வெளியில் எடுக்கக்கூட இல்லை. நான் கேட் வரைக்கும் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

கெசியா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு அப்படியே இருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். சமாதானம் சொல்லப் பயம். சும்மா இருக்கவும் பயம்.

"அத்தை இனிமே உங்ககூடப் பேச மாட்டாங்கப்பா."

"பேசாட்டா போறாங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்து, மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் கண்ணை மூடினேன்.

"ஆறிப்போச்சுப்பா" என்றாள். "சூடு பண்ணித் தாங்க."